பன்றிக்குத் துப்பாக்கி தேடும் முன்

பிசான நெல் பால் பிடிக்கத் தொடங்கிவிட்டால், இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் பின்னுக்குப் போய்விடும். காட்டுப்பன்றி முன்னால் வந்து நிற்கும். வழக்கமாக, "விரட்ட என்ன வழி?" என்று கேட்பார்கள். இப்போது வேறு ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: புதருக்குள் பதுங்கும் பன்றியைச் சுட எந்தத் துப்பாக்கி நல்லது? குழல் குட்டையாக, ஒற்றைக் குண்டு போடும் 12 போர் துப்பாக்கி வாங்க முடியுமா? அமெரிக்காவில் சோளக்காட்டுப் பன்றியை அப்படித்தான் அடிக்கிறார்கள் என்று கைப்பேசியில் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள்.

கேட்பவர்கள் மீது கோபம் வரவில்லை. பல மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்த ஏத்தன் வாழை, குலை தள்ளும் நேரத்தில் அடியோடு பெயர்ந்து கிடப்பதைக் காலையில் பார்ப்பவருக்குத்தான் அந்த வலி தெரியும். பன்றி தின்பது கொஞ்சம், கெடுப்பதுதான் அதிகம். கிழங்குக்காகவும் மண்புழுவுக்காகவும் மூக்கால் மண்ணைக் கிளறிக்கொண்டே போகும். நெல் வயலில் புகுந்தால் புரண்டு சேறாக்கி, கதிரைத் தரையோடு சாய்த்துவிடும். குட்டிகளோடு ஒரு கூட்டம் ஒரு ராத்திரி தங்கினால் அந்த வயலில் அறுவடை இயந்திரத்தை இறக்குவதே வீண். எனவே துப்பாக்கி பற்றிய கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுவோம்.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 13-வது பிரிவில் பயிர்ப் பாதுகாப்பைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு என்று கேட்டால் கொடுக்கப்படுவது வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கான உரிமம். அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், தோட்டா போடும் வழவழப்பான குழல் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். ஆனால் அதன் குழல் 20 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 20 அங்குலம் என்பது ஒரு முழத்துக்குச் சற்றே கூடுதல். அதற்குக் குறைந்த குழல் கொண்ட துப்பாக்கி, ஆயுத விதிகளில் தடை செய்யப்பட்ட ஆயுதங்களின் வரிசையில் இருக்கிறது. அமெரிக்காவில் 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 அங்குலம் வரை சாதாரணமாக வைத்துக்கொள்ளலாம். வீடியோவில் பார்ப்பது பெரும்பாலும் அந்தத் துப்பாக்கிதான். அதே நீளத்தில் இங்கே ஒன்றை வீட்டில் வைத்திருந்தால், தடை செய்யப்பட்ட ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்குக் குறைந்தது ஏழு ஆண்டு சிறை.

தாத்தா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது, குழலை மட்டும் பட்டறையில் கொடுத்து அறுத்துக்கொள்ளலாமே என்று நினைப்பவர்களும் உண்டு. உரிமம் இல்லாமல் குழலைக் குட்டையாக்குவதைத் தடுக்க அதே சட்டத்தில் 6-வது பிரிவு தனியாக இருக்கிறது. துப்பாக்கிக்கு உரிமம் இருப்பதாலேயே குழலை அறுக்க அனுமதி கிடைத்துவிடாது. அறுத்துக் கொடுத்த பட்டறைக்காரரும் உங்களோடு சேர்ந்து மாட்டிக்கொள்வார்.

சட்டத்தை ஒருபக்கம் வைத்துவிட்டுத் துப்பாக்கியைப் பற்றி மட்டும் பேசினாலும் கணக்கு நமக்குச் சாதகமாக இல்லை. குட்டைக் குழலால் குண்டின் வேகம் கூடாது, கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதன் ஒரே வசதி, முள்ளுக்குள் சிக்காமல் திருப்பலாம் என்பது. அந்த வசதிக்குக் கொடுக்கும் விலை பெரிது. குழல் குட்டையானால் குறி பார்க்கும் தூரமும் குறையும். கையில் ஒரு நூல் பிசகினால் நாற்பது, ஐம்பது மீட்டரில் குண்டு எங்கோ போய்விடும். ஒற்றைக் குண்டு என்பது சுமார் 28 கிராம் ஈயம். வழவழப்பான குழலில் இருந்து ஐம்பது, அறுபது மீட்டர் வரைதான் நம்பிச் சுட முடியும். பன்றியின் மேல் படாமல் போனால் அதே குண்டு ஒரு கிலோமீட்டர் வரைகூடப் போகும். நடுவில் ஒரு குச்சியில் உரசினாலும் திசை மாறும். கல்லில் பட்டால் எகிறும்.

நம் வயக்காட்டில் ராத்திரி யார் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர் முறைக்காக மடை திறக்கப் போனவர் இருப்பார். மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்காக மோட்டார் அறையில் படுத்திருப்பவர் இருப்பார். வாழைத்தோப்புக் காவலாளி இருப்பார், கிடை போட்டிருக்கும் ஆட்டுக்காரர் இருப்பார். புதர் அசைகிறது என்று சுட்டு, பன்றிக்குப் பதிலாக மனிதர் விழுந்த செய்திகளை நாமே இதே நாளிதழின் மற்ற பக்கங்களில் அச்சிட்டிருக்கிறோம். ஆண் பன்றி என்றால் இன்னொன்றும் உண்டு. தோளில் தோல் தடித்துக் கேடயம் போல இருக்கும். குண்டு பட்டும் விழாமல் புதருக்குள் புகுந்த பன்றியைத் தேடி டார்ச்சோடு பின்னால் போவதைவிட ஆபத்தான வேலை வேறு இல்லை.

அடுத்தது, துப்பாக்கி உரிமமும் வேட்டை அனுமதியும் வெவ்வேறு. பலர் குழம்புவது இங்கேதான். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றி முன்பு மூன்றாம் அட்டவணையில் இருந்தது. 2022-இல் அட்டவணைகளைத் திருத்தி அமைத்தபோது இரண்டாம் அட்டவணைக்கு வந்துவிட்டது. உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு ஒரு விலங்கைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றம் ஆகாது. பயிரைக் காக்க என்று சொன்னால் அந்த விலக்கு கிடையாது. அதற்கு 11-வது பிரிவின்படி எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். நின்ற பயிருக்குச் சேதம் என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரோ, அவரால் அதிகாரம் பெற்ற அலுவலரோ அந்த உத்தரவைக் கொடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. அதாவது வழி இருக்கிறது. அந்த வழி நம் மாவட்டத்தில் எவ்வளவு தூரம் திறந்திருக்கிறது என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டின் எல்லையில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைப் பிடிக்கவும் சுடவும் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை, கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் சுடலாம். சுடுவது விவசாயி அல்ல, பயிற்சி பெற்ற வனத்துறையினர். கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், வனத்துறை ஊழியர் ஆகியோர் கொண்ட கிராமக் குழுவின் வழியாகக் கோரிக்கை வனச்சரகருக்குப் போக வேண்டும்.

காகிதத்தில் நியாயமான ஏற்பாடு. ஆனால் தாமிரபரணி ஓடும் பாதையை மனதில் வைத்துக்கொண்டு இந்த மூன்று கோடுகளையும் வரைந்து பாருங்கள். பாபநாசத்தில் ஆறு மலையை விட்டு இறங்கிய உடனேயே வயல் தொடங்கிவிடுகிறது. அதற்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1962-இல் முண்டந்துறையும் 1976-இல் களக்காடும் சரணாலயங்களாகி, 1988-இல் இரண்டும் சேர்ந்து காப்பகம் ஆயின. அனவன்குடியிருப்பு, வேம்பையாபுரம், சிவந்திபுரம், மணிமுத்தாறு, தெற்கே களக்காடு, திருக்குறுங்குடி என மலையடிவார ஊர்களில், பன்றியால் அதிகம் அடிபடும் நிலங்களில் பெரும் பகுதி முதல் இரண்டு கோட்டுக்குள்ளேயே இருக்கிறது. சேதம் அதிகமான இடத்தில் அனுமதி இல்லை, அனுமதி உள்ள இடத்தில் சேதம் குறைவு என்று மலையடிவார விவசாயி கசப்போடு சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

பாதி என்று சொல்லக் காரணம் உண்டு. மலையை ஒட்டிய ஒரு கிலோமீட்டரில் சுட்டு என்ன ஆகும்? ஒரு கூட்டம் விழுந்தால், காட்டுக்குள் இருந்து அடுத்த கூட்டம் அந்த இடத்துக்கு வரும். பன்றிக்குச் சினைக்காலம் சுமார் 115 நாள். ஓர் ஈற்றில் நான்கு முதல் எட்டுக் குட்டி வரை போடும். காட்டுக்குள் அந்தக் கணக்கைச் சரிக்கட்ட புலியும் சிறுத்தையும் செந்நாயும் இருக்கின்றன. அவற்றுக்கு இரை குறைந்தால் சிறுத்தை ஊருக்குள் ஆட்டையும் நாயையும் தேடி வரும். அந்த அனுபவம் நம் அடிவார ஊர்களுக்குப் புதிதல்ல. எனவே அந்த முதல் கிலோமீட்டரில் துப்பாக்கியைக் கேட்பதைவிட, உறுதியான வேலியையும் தாமதமில்லாத இழப்பீட்டையும் கேட்பதுதான் விவசாயிக்கு லாபம் என்பது நமது கருத்து. காட்டைக் காப்பது ஊருக்கே பொது என்றால், அதன் செலவை வேலியோரத்து ஒற்றை விவசாயி மட்டும் சுமக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

சமவெளிப் பன்றியின் கதை வேறு. மலையை விட்டு வெகுதூரம் வந்துவிட்ட கூட்டங்கள் இனித் திரும்பிப் போவதில்லை. தண்ணீர் வற்றிய குளத்திலும், ஆற்றுப் புறம்போக்கிலும், தரிசாய்க் கிடக்கும் பட்டா நிலத்திலும் அடர்ந்து நிற்கும் சீமைக்கருவேலமே அவற்றுக்கு வீடு. பகலெல்லாம் அங்கே படுத்துக் கிடந்து, இருட்டியதும் மக்காச்சோளத்துக்கும் நிலக்கடலைக்கும் இறங்குகின்றன. அங்கே புலி இல்லை, சிறுத்தை இல்லை. ஊர் கூடி முள்ளை வெட்டினால் மறைவு போகும், மறைவு போனால் கூட்டம் நகரும். புதருக்குள் இருக்கும் பன்றிக்கு ஏற்ற துப்பாக்கி எது என்று கேட்டவர்களுக்கு நாம் சொல்லக்கூடிய பதிலும் இதுதான்: புதர் இருக்கும்வரை எந்தத் துப்பாக்கியும் சரிவராது. முள்ளை வேரோடு எடுக்காமல் மேலே மட்டும் வெட்டினால் அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியாகத் தழைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லி வைக்கிறோம். குளம் நீர்வளத்துறையுடையதா, ஊராட்சியுடையதா என்று பார்த்து, முறையாகத் தீர்மானம் போட்டுச் செய்ய வேண்டிய வேலை. விறகுக்கும் கரிக்கும் ஏலம் விட்டால் ஊராட்சிக்கும் நாலு காசு.

அதற்குப் பிறகும் மிஞ்சும் கூட்டத்தைச் சுடத்தான் வேண்டும். அதை யார் செய்வது? வனச்சரகத்தில் இருக்கும் ஆட்களுக்குக் காட்டு வேலையே தலைக்கு மேல் இருக்கிறது. ஒரு கிராமத்தில் மனு கொடுத்து, பன்றி வரும் ராத்திரியில் அவர்கள் வந்து காத்திருக்க வேண்டும் என்றால், நடைமுறையில் எத்தனை ஊருக்கு அது கிடைக்கும்? கேரளம் 2022-இல் வேறு வழியில் போனது. ஊராட்சித் தலைவர்களைக் கௌரவ வன உயிரினக் காப்பாளர்களாக்கி, உரிமத் துப்பாக்கி உள்ளவர்களைக் கொண்டு சுட உத்தரவிடும் அதிகாரத்தை அவர்களுக்கே கொடுத்தது. விஷம், வெடி, மின்சாரம் கூடாது என்பது நிபந்தனை. அங்கேயும் எல்லாம் சரியாகிவிடவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் குறைவு, தோட்டாச் செலவு யாருடையது என்ற தகராறு வேறு.

தமிழ்நாடு அதை அப்படியே நகல் எடுக்க வேண்டாம். மூன்று கிலோமீட்டருக்கு வெளியே மட்டும், ஏற்கெனவே உரிமம் உள்ள, வனத்துறையிடம் பயிற்சியும் குறி பார்க்கும் தேர்வும் முடித்த சிலரை மாவட்டத்துக்கு ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ளலாம். முன்னாள் ராணுவத்தினர் நம் மாவட்டத்தில் குறைவில்லை. வனவர் உடன் இருக்க, அறுவடை முடிந்த வெட்டவெளியில், குண்டு மண்ணில் இறங்கும்படி மேட்டில் இருந்து கீழ்நோக்கி மட்டும் சுட வேண்டும். 11-வது பிரிவு 'எந்த நபருக்கும்' அனுமதி தரலாம் என்றுதான் சொல்கிறது. சட்டத்தைத் திருத்தத் தேவையில்லை, அரசாணையைத் திருத்தினால் போதும். கறியைப் பங்கு போடலாம் என்ற எண்ணம் மட்டும் யாருக்கும் வேண்டாம். கொல்லப்பட்ட விலங்கு அரசின் சொத்து. கறி கிடைக்கும் என்றால் சேதமே இல்லாத ஊரிலும் மனு வந்து குவியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

இவை நடக்கும்வரை பொறுக்க முடியாமல் சிலர் எடுக்கும் இரண்டு வழிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒன்று, வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் நேராக இழுத்து விடுவது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே பன்றிக்காக இழுத்த கம்பியில் மூன்று யானைகள் செத்தன. குட்டிகள் இரண்டு தாயில்லாமல் நின்றன. 2025 ஜூனில் கேரளத்தின் நிலம்பூர் அருகே வழிக்கடவில், மீன் பிடிக்கப் போன பள்ளி மாணவன் ஒருவன் பன்றிக்கு வைத்த மின்கம்பியில் மாட்டி இறந்தான். இப்படிக் கம்பி இழுப்பவரின் சொந்தப் பிள்ளையே மறுநாள் காலையில் அந்த வரப்பில் நடந்து வரக்கூடும். இரண்டாவது, அவுட்டுக்காய். 2020 மே மாதம் பாலக்காட்டில் வெடி வைத்த காயைக் கடித்து வாய் சிதறி, வெள்ளியாற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்த யானையை நாடே பார்த்தது. அந்த வெடியும் பன்றிக்கு வைத்ததுதான். மேய்ச்சல் மாடு அதைக் கடித்துத் தாடை இழந்த சம்பவங்கள் நம் பக்கத்திலும் உண்டு.

சூரிய மின்வேலி வேறு வகை. அதில் மின்சாரம் விட்டுவிட்டுத் துடிப்பாக வரும், அடிக்கும், கொல்லாது. தமிழ்நாட்டில் 2023-இல் மின்வேலிகளுக்கான பதிவு விதிகள் வந்துவிட்டன. காட்டை ஒட்டிய நிலத்தில் அமைக்கும் முன் வனத்துறையின் அனுமதியையும் பதிவையும் கேட்டுக்கொள்ளுங்கள். மானியம் இருக்கிறதா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். பன்றிக்கு அமைக்கும்போது பலரும் செய்யும் தவறு, கீழ்க் கம்பியை முழங்கால் உயரத்தில் கட்டுவது. பன்றி மேலே தாண்டாது, கீழே நுழையும். அடிக் கம்பி தரையில் இருந்து ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது. அதன் அடியில் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் தரையில் இறங்கிவிடும். வாரம் ஒருமுறை அரிவாளோடு ஒரு சுற்று வராதவருக்கு இந்த வேலி காசுக்குக் கேடு. பழைய சேலை கட்டுவதும், தகரம் தட்டுவதும், வாசனை விரட்டித் தொங்கவிடுவதும் நாலைந்து நாளைக்குப் பலிக்கும். பிறகு பன்றி பழகிவிடும். கதிர் முற்றும் கடைசி இரண்டு வாரத்துக்கு மட்டும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் பிரயோசனம் உண்டு. விதைத்த நாளில் இருந்தே கட்டிவைத்தால் இல்லை.

கடைசியாக மனு விஷயம். சேதம் நடந்த அன்றைக்கே, மண்ணைச் சமப்படுத்தும் முன்பே, புல எண் தெரியும்படி அடங்கலோடு கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். குளம்படியும் கிளறிய மண்ணும் தெரியப் படம் எடுங்கள். காப்புக்காட்டின் எல்லையில் இருந்து உங்கள் நிலம் எவ்வளவு தூரம் என்பதை வனவரிடம் எழுத்தில் கேளுங்கள். ஊர் எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை, வயல் எங்கே இருக்கிறது என்பதே கணக்கு. சமவெளியில்கூடச் சில குன்றுகள் காப்புக்காடாக இருக்கின்றன என்பதால் இதை ஊகத்தில் விடாதீர்கள். தனித்தனியாகக் கொடுப்பதைவிட ஒரே மடைக்காரர்கள் சேர்ந்து கொடுக்கும் மனுவுக்குக் குழுவில் எடை அதிகம். ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் என்று பதில் வந்தால் கூண்டு வைக்கச் சொல்லி அதே மனுவில் கேளுங்கள். அதுவும் அந்த உத்தரவில் உள்ள கடமைதான். அதைக் கேட்பவர் இல்லாததால்தான் கூண்டு கிடங்கில் கிடக்கிறது.

வேளாண் உதவி அலுவலர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊராட்சியில் இந்தக் கிராமக் குழு அமைக்கப்பட்டதா, கடைசியாக எப்போது கூடியது என்று இந்த வாரம் விசாரியுங்கள். கூடவில்லை என்றால், மாவட்ட ஆட்சியர் நடத்தும் அடுத்த மாதக் குறைதீர் கூட்டத்தில் ஊர்ப் பெயரோடு பதிவு செய்ய விவசாயிகளுக்கு உதவுங்கள். பிசான அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.